பள்ளி முடித்து வேலைக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். மதிப்பெண் சுமார்தான். வீட்டில் மிக்ஸி, ஃபேன் எது ரிப்பேர் ஆனாலும் பிரித்துப் பார்த்துவிடுவான். ஐடிஐ-யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேர்க்கலாமா, பிளஸ் ஒன்னில் தொழிற்கல்விப் பிரிவா? எலக்ட்ரீஷியனா, ஃபிட்டரா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு வழியிலும் மேற்படிப்பு உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்தவரும், பிளஸ் டூ தொழிற்கல்வி முடித்தவரும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம். ‘ஐடிஐ போனால் படிப்பு அதோடு முடிந்தது’ என்று அக்கம்பக்கத்தில் சொன்னால் நம்ப வேண்டாம். வித்தியாசம் அன்றாடப் பொழுதில்தான். பிளஸ் டூவில் பொதுத்தேர்வும் மொழிப்பாடங்களும் கூடவே வரும். ஐடிஐ-யில் பெரும்பாலான நேரம் பட்டறையில் போகும். கை வேலையில் ஊன்றி நிற்கிற பிள்ளைக்கு ஐடிஐ நல்ல இடம் என்பதே என் கருத்து.

ஃபிட்டர் (இரும்புப் பாகங்களை அளவாக்கிப் பொருத்துபவர்), எலக்ட்ரீஷியன் இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. வெல்டர் ஒரு வருடம். டிரேடின் (தொழிற்பிரிவின்) பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த வேலையில் நாள் முழுக்க என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். ஃபிட்டரில் தொடக்க மாதங்களில் பெரும்பாலும் அரம் போடுவதுதான். ஒரு இரும்புத் துண்டை வைஸில் (மேசைப் பிடிப்பானில்) பிடித்து, நின்றபடி தேய்த்துத் தேய்த்து, மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்தால் வெளிச்சம் தெரியாத அளவுக்குச் சமமாக்க வேண்டும். கை கொப்பளிக்கும். மெஷினில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று நினைத்து வந்த பிள்ளைகள் இங்கேதான் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். சேர்க்கைக்கு முன்பே பக்கத்து ஐடிஐ முதல்வரிடம் அனுமதி கேட்டு, பையனை அரை நாள் பட்டறையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியன் என்றால் முதலில் கண் பரிசோதனை. மூன்று பேஸ் கம்பிகள் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கருப்பு, எர்த் பச்சை. நிறக்குருடு இருந்தால் இந்த வேலை அவனுக்கும் ஆபத்து, வீட்டுக்காரருக்கும் ஆபத்து. ரயில்வேயில் பல பணிகளுக்கு மருத்துவப் பரிசோதனையிலேயே நின்றுவிடுவான். பல பிள்ளைகளுக்குத் தமக்கு இந்தக் குறை இருப்பதே தெரியாது. கண் மருத்துவரிடம் சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கணக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம். உயர் கணிதம் தேவைப்படாது, தசம எண் தடுமாறக் கூடாது. ‘25 மி.மீ. தண்டு, கூட்டியோ குறைத்தோ 0.02 போகலாம்’ என்றால் 24.98 முதல் 25.02 வரை ஏற்பார்கள், 25.03 வந்தால் கழிவு. கம்பெனி எழுத்துத் தேர்விலும் இப்படிப்பட்ட கணக்கு வரும். தினமும் பத்து கணக்கு போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கோடை விடுமுறையில் லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) பட்டறைக்கு வந்து கற்றுக்கொள்ளட்டும் என்கிறார் தெரிந்தவர். மகனுக்கு 16 வயது. அனுப்பலாமா?
– வாசகர், கோவை

பதில்: கற்றுக்கொள்ள அனுப்பலாம், கண்டிப்பான வரம்போடு. 14 முதல் 18 வயது வரையுள்ளவரை அபாயகரமான தொழிலில் வைக்கக் கூடாது என்பது 2016-இல் திருத்தப்பட்ட சட்டம். மற்ற வேலையிலும் இடைவேளை உட்பட ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, பிறகு ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் துடைக்கவோ எண்ணெய் விடவோ 18 வயதுக்குக் குறைந்தவரை விடக் கூடாது என்று பழைய தொழிற்சாலைகள் சட்டமே (1948) சொன்னது. பட்டறைகளில் ‘சின்ன வேலைதானே’ என்று பையன்கள் கையில் முதலில் கொடுப்பது இந்த வேலையைத்தான். அதனால் இதை முதல் நாளே உரிமையாளரிடம் பேசிவிடுங்கள்.

கையில் கோயில் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிட்டுப் போகட்டும். அதைச் சுழலும் சக் (லேத்தில் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடிக்க வேண்டும். லேத்தில் கையுறை போடக் கூடாது, அதுவும் சிக்கும். சக்கை இறுக்கும் சாவியை மாட்டியபடியே மெஷினைப் போட்டால் அது பறந்து வரும். முதல் வாரம் அவன் மெஷினைத் தொடாமல், வெர்னியரில் 0.02 மி.மீ. வரையும் மைக்ரோமீட்டரில் 0.01 மி.மீ. வரையும் அளந்து நோட்டில் எழுதப் பழகினாலே போதும். அளக்கத் தெரிந்தவனுக்குத்தான் அடுத்த வேலையைக் கொடுப்பார்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்பு மாணவிகளைத் தொழிற்சாலை பார்க்க அழைத்துப் போனோம். சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள், மனதில் ஒன்றும் நிற்கவில்லை.
– ஆசிரியை, ராணிப்பேட்டை

பதில்: நாற்பது பேரை ஒரே வரிசையில் கூட்டிப் போனால் மெஷின் சத்தத்தில் பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்காது. எட்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரே தொழிலாளியின் அருகில் இருபது நிமிடம் நிற்கட்டும். இடைவேளையில் அவரிடம் நான்கு கேள்வி கேட்கட்டும்: எதை அளக்கிறீர்கள்? எதைக் கொண்டு? அளவு தப்பினால் என்ன ஆகும்? இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்? நான்காவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். பெண் தொழிலாளர் இருக்கும் பிரிவை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

மாதிரி நேர்காணலும் நடத்துங்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம். கேட்பவர் அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒருவராக இருக்க வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வந்தாலும் சரி. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த சுய அறிமுகம் அடுத்த கேள்வியிலேயே நின்றுபோகும். ‘நீயே செய்த ஒன்றைச் சொல், எங்கே தப்பியது, எப்படிச் சரி செய்தாய்?’ என்று தமிழில் கேளுங்கள். ரவிக்கை தைத்ததும் சொல்லலாம், கோலத்துக்குப் புள்ளி கணக்கிட்டதும் சொல்லலாம். தமிழில் கோர்வையாகச் சொல்ல வந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

கேள்வி: மதிப்பெண் சான்றிதழில் ‘எஸ்’ என்று இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. சிக்கல் வருமா?
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: வரும். அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) பதிவு, வங்கிக் கணக்கு, உதவித்தொகை எல்லாவற்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவது சுலபம். சான்றிதழைத் திருத்த வேண்டுமானால் தலைமை ஆசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்குப் போய் அலைய வேண்டும். இன்னும் தேர்வு எழுதாத தங்கை, தம்பி இருந்தால், தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லும்போது தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பிறப்புச் சான்றிதழோடு வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.