வீட்டு நூலகம்: எதைக் காப்பது, எதை இரவல் தருவது, எதை ஒப்படைப்பது?

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, கடலூரில் வசிக்கிறேன். பள்ளி நாளிலிருந்து நான் சேர்த்தவையும் என் தந்தையார் விட்டுச் சென்றவையுமாக ஏறத்தாழ மூவாயிரம் நூல்கள் வீட்டில் இருக்கின்றன. வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்து பைண்டு செய்த தொடர்கதைகளும் அவற்றுள் உண்டு. தாள்கள் பழுப்பேறி ஒடிகின்றன. பூச்சி அரிப்பும் தெரிகிறது. இரவல் கொடுத்தவற்றில் பல திரும்பி வரவில்லை. ஆயினும் கேட்பவர்களுக்கு இல்லையென்று சொல்ல மனம் வருவதில்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் குடியேறிவிட்டனர். இந்நூல்களை எப்படிக் காப்பது, எப்படிப் பகிர்வது, எனக்குப் பின் யாரிடம் ஒப்படைப்பது?

பதில்: தாங்கள் கேட்டவை மூன்று கேள்விகள் என்றாலும், மூன்றுக்கும் விடை ஒரே பிரிப்பிலிருந்து கிடைக்கும். ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்து, ‘இது தொலைந்தால் இன்னொரு படி கிடைக்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் என்றால் அது படிப்பதற்கும் தாராளமாக இரவல் தருவதற்கும் உரிய நூல். கிடைக்காது என்றால் அதுவே தங்கள் பராமரிப்புக்கும் உயிலுக்கும் உரியது. மூவாயிரம் நூல்களையும் ஒரே அளவு அக்கறையுடன் காக்க எவராலும் இயலாது. இப்படிப் பிரித்த பிறகு, கிடைக்காதவை பெரும்பாலும் ஓரிரு அலமாரிக்குள் அடங்கிவிடும். அவற்றைக் காப்பது ஒருவரால் ஆகக்கூடிய வேலைதான்.

எது கிடைக்காது என்பதை விலையோ அட்டையின் அழகோ காட்டிக்கொடுப்பதில்லை. செம்பதிப்பாக வந்த கெட்டி அட்டைப் பேரிலக்கியம் பல நூலகங்களில் இருக்கும். உள்ளூர்க் கோயிலின் குடமுழுக்கு மலரோ, ஒரு பள்ளியின் வெள்ளிவிழா மலரோ, திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமோ, நாடகத் துண்டறிக்கையோ வேறெங்கும் இல்லாமல் போயிருக்கக்கூடும். சிற்றிதழ்களும் அப்படியே. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய ‘எழுத்து’ போன்ற இதழ்களின் வரிசை தங்களிடம் இருந்தால், இடையில் சில இதழ்கள் குறைந்தாலும் அதைப் பிரித்துவிட வேண்டாம். தாங்கள் தயக்கத்தோடு குறிப்பிட்ட பைண்டு தொகுதிகளை நான் முதல் வரிசையில் வைப்பேன். ‘பொன்னியின் செல்வன்’ இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வாரந்தோறும் வெளிவந்த அந்தப் பக்கங்களும், அவற்றின் பின்புறத்தில் அச்சான விளம்பரங்களும் துணுக்குகளும் புதிய பதிப்புகளில் இல்லை. வீட்டுப் பெண்கள் வாரா வாரம் பக்கங்களைச் சேர்த்து, தெருமுனை பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வைத்த இத்தொகுதிகள் தமிழ் வாசிப்பின் வரலாற்றுக்கு நேரடிச் சான்று. பழைய தாள் கடைக்கு முதலில் எடைக்குப் போகிறவையும் இவைதாம் என்பது வருத்தத்துக்குரியது.

ஆகவே முதல் வேலை பட்டியல். கணினியில் ஓர் எக்செல் தாளே போதும். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு, எந்த அலமாரியின் எந்தத் தட்டு, நூலின் நிலை ஆகியவற்றோடு ‘கிடைக்கும் / கிடைக்காது’ என்ற ஒரு பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னட்டைக் கோட்டுக் குறியீட்டைக் கைபேசியால் படித்துத் தானே பட்டியலிடும் செயலிகள் பழைய தமிழ் நூல்களுக்கு உதவா, ஐ.எஸ்.பி.என். என்னும் பன்னாட்டுத் தர எண் முறையே 1970-இல்தான் வந்தது, நம் சிறு பதிப்பகங்கள் பல அதன் பிறகும் நெடுங்காலம் அதைப் பயன்படுத்தவில்லை. நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கப் பெரிய வகைப்பாட்டு முறை எதுவும் வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். இரங்கநாதன் கோலன் பகுப்பு முறையை வகுத்தது பெரிய நூலகங்களுக்காக. வீட்டில் தங்கள் கை தானாகப் போகும் இடமே அந்நூலுக்குரிய இடம்.

பட்டியலிடும்போது ஆண்டு அச்சிடப்படாத நூல்கள் தங்களைத் திணறடிக்கும். அவற்றின் காலத்தைக் கணிப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. ஓய்வுக்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு இல்லையென்றே சொல்வேன். முதலில் விலையைப் பாருங்கள். அணாக் கணக்கில் விலை இருந்தால், தசம நாணயம் நடைமுறைக்கு வந்த 1957 ஏப்ரலுக்கு முற்பட்ட நூல் என்று பெரும்பாலும் கொள்ளலாம். ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது; 1964 ஜூனில் ‘நயா’ என்ற அடைமொழி கைவிடப்பட்டது. முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால், அம்முறை தொடங்கிய 1972 ஆகஸ்ட்டுக்குப் பிற்பட்டது. ‘சென்னை-1’ என்று மட்டும் இருந்தால் அதற்கு முற்பட்டதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ணை, லை, னை, றா, னா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருந்தால், 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முற்பட்டது எனலாம். ஆனால் பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் 1935-லேயே புதிய வடிவங்களைக் கையாண்டதால், புதிய எழுத்து மட்டுமே பிற்காலத்துக்குச் சான்றாகாது. தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் தரப்பட்டிருந்தால் அறுபதாண்டுச் சுழற்சியை நினைவில் கொள்ள வேண்டும்: ‘ஜய’ என்பது 1894-ஆகவும் இருக்கலாம், 1954-ஆகவும் இருக்கலாம், தாளும் எழுத்தும் விலையும் எதுவென்று சொல்லிவிடும். திருவள்ளுவர் ஆண்டாக இருந்தால் 31-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் உள்ள பெயர்களையும், சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடை முத்திரைகளையும், அன்பளிப்புக் குறிப்புகளையும் அழிக்கவோ ஒட்டி மறைக்கவோ வேண்டாம். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அக்கடைகளின் வரலாற்றை அறிய இத்தகைய முத்திரைகளும் ஒரு வழி.

அடுத்தது பராமரிப்பு. தாள் பழுப்பதற்குத் தங்கள் கவனக்குறைவு காரணமன்று. மலிவான செய்தித்தாள் வகைத் தாளில் மரக்கூழிலுள்ள லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் இருக்கும். ஒளியும் காற்றும் பட அது நிறம் மாறும். மை பரவாமலிருக்கத் தாளில் சேர்த்த படிகாரம் நாளடைவில் அமிலமாகி, தாளின் இழைகளை அறுக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோர ஊரில் இது இன்னும் விரைவாக நடக்கும். பழுத்ததை வீட்டில் வெளுக்க வைக்க வழியில்லை. வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அமிலம் ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் பரவும் என்பதால், மிகவும் பழுத்த தொகுதிகளை நல்ல தாளில் அச்சான நூல்களோடு ஒட்டி வைக்காமல், அமிலமற்ற தாளுறையில் தனியாக வையுங்கள். பாலித்தீன் பையில் நிரந்தரமாகக் கட்டி வைப்பது தவறு. உள்ளே சிக்கிய ஈரம் பூஞ்சையை வளர்க்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்கு அது போதும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே கையளவு இடைவெளியும், தரைக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே அரையடி உயரமும் இருக்கட்டும். கரையான் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும்தான் ஏறுகிறது.

சரசுவதி பூசை நாளை ஆண்டுச் சோதனைக்கு வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாக வரும் அந்நாளில், நூல்களை இறக்கித் தூசு தட்டி, தட்டுகளை உலர்ந்த துணியால் துடைத்து, புதிய துளைகளோ மாவு போன்ற தூளோ இருக்கின்றனவா என்று பாருங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள். நிழலும் மின்விசிறியும் போதும். பூச்சி இருக்கும் நூலைப் பாலித்தீன் பையில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, நன்றாக மூடி, கழித்தல் 18 பாகை செல்சியசுக்குக் கீழே இயங்கும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காமல் வையுங்கள். உடனே திறந்தால் நீர் முத்துகள் நூலின் மேலேயே படியும். அந்துருண்டை நமக்கும் நச்சு, திறந்த அலமாரியில் பயனும் குறைவு. பச்சை வேப்பிலையை நூலுக்குள் செருகுவதால் ஈரமும் கறையுமே மிஞ்சும்.

தாள்களை இணைத்திருக்கும் துருப்பிடித்த கம்பிகளை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளை வழியாகத் தையல் நூலால் தையுங்கள். செல்லோ டேப்பைத் தொடவே வேண்டாம். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பின்னர் அதை எடுப்பது வல்லுநருக்கே கடினம். லாமினேஷனும் அப்படித்தான். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் மைதாப் பசையும் ஏற்றவை. மறுபடி பைண்டு செய்யக் கொடுத்தால், ஓரத்தை வெட்டக் கூடாது என்று பைண்டரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், சீட்டில் எழுதியும் செருகி வையுங்கள். பழக்கத்தின் காரணமாக வெட்டுக் கருவியில் வைத்துவிடுவார்கள். பக்க ஓரத்துக் குறிப்புகள் அதோடு போய்விடும். பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது பூச்சிக்கு எதிராக பைண்டர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

இனி இரவல். இரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. எனவே தாங்கள் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கொடுக்கும் நூலை மாற்றினால் போதும். ‘கிடைக்கும்’ என்று குறித்தவற்றை ஒரு குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்கள். எழுதுவதை வாங்குகிறவர் கண்ணால் பார்ப்பதே பாதி நூல்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். திரும்பாத மீதியை அன்பளிப்பென்று தள்ளுபடி செய்துவிடுங்கள். மிக விரும்பிப் பிறருக்குத் தரும் நூல்களில் இரண்டாவது படி வாங்கி வைப்பது மனவருத்தத்தைவிட மலிவானது. ‘கிடைக்காது’ என்பவற்றை வீட்டில் அமர்ந்து படிக்க மட்டும் கொடுங்கள். மாதம் ஒரு மாலை சிலரை வரவழைத்து ஒரு பழைய தொகுதியைத் திறந்து வைத்தால், அடுத்த தலைமுறைப் பொறுப்பாளரும் அங்கேயே தென்படக்கூடும்.

ஒப்படைப்பதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். ஒரே வாகனத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக் கிளை நூலகத்தின் வாசலில் இறக்குவது கொடையாகாது. அங்கே இடமும் ஆளும் இல்லாமல் கட்டுகளாகவே அவை கிடக்கும். ‘கிடைக்கும்’ பகுதியிலிருந்து சிறார் நூல்களைப் பள்ளிக்கும், புனைகதைகளை உள்ளூர் வாசகர் வட்டத்துக்கும், தங்கள் காலத்திலேயே, அவர்களுக்கு எது தேவையென்று கேட்டுச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ‘கிடைக்காது’ பகுதிக்கு முதலில் பட்டியலை மட்டும் அனுப்புங்கள். காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும், அவர் 1992-இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையிலேயே 1994-இல் ஆராய்ச்சி நூலகமாயின. அந்நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா ஆய்வு நூலகம், சென்னை மறைமலையடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம் போன்றவற்றுக்கு எழுதிக் கேட்கலாம். தங்களிடமுள்ள நூல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ளதா என்றும் முன்பே தேடிப் பாருங்கள். ஈழத்து வெளியீடுகள் இருந்தால் 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற நிறுவனத்துக்கு அவை பயன்படும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்தில் மட்டும் இருந்தவை அன்றோடு முடிந்தன. நூலைக் கொடுக்கும் முன் மின்படி (ஸ்கேன்) எடுப்பதை வற்புறுத்துவது அதனால்தான்.

மின்படியை வெளியிடுவது வேறு செய்தி. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டு தொடங்கி அறுபதாண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1964-இல் மறைந்தவரின் எழுத்து 2025 தொடக்கத்தில் பொதுவுடைமையானது. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகளுக்கு இக்காத்திருப்பு இல்லை. ஆனால் உடன் வந்த ஓவியங்களுக்கு ஓவியரின் காலத்தைத் தனியே கணக்கிட வேண்டும்.

ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்திடம் எழுத்தில் மூன்று உறுதிகளைக் கேளுங்கள்: எவ்வளவு காலத்தில் பட்டியலில் சேர்ப்பார்கள், இரட்டைப் படிகளை யாருக்குக் கொடுப்பார்கள், வெளியார் வந்து படிக்க இயலுமா. ‘இவருடைய தொகுப்பு தனி அறையில் தனியாக இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைத் தாங்களே விட்டுக்கொடுத்துவிடுவது நல்லது. பல நல்ல நிறுவனங்கள் அதன் பொருட்டே மறுத்துவிடுகின்றன. பேசி முடித்த பின், எந்தத் தட்டு எந்த நிறுவனத்துக்கு என்று உயிலில் சேர்த்து, பட்டியலின் ஒரு படியைப் பிள்ளைகள் இருவருக்கும் அனுப்புங்கள். தமிழ் நூல்களைப் படிக்க அவர்களுக்கு நேரம் இல்லாமல் போகலாம். யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும்.