டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸ்: ஒரே தூரம், போக ஒரு நேரம் வர ஒரு நேரமா?

கேள்வி: டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே சுமார் 8,800 கி.மீ. என்று பார்த்தேன். ஆனால் டிக்கெட்டில் போக 10 மணி நேரம், வர பதினொன்றரை மணி நேரம் என்று இருக்கிறது. போதாக்குறைக்கு, ஜனவரியில் மாலை 5 மணிக்குக் கிளம்பி அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவதாகவும் போட்டிருக்கிறது. எது தப்பு?

எதுவுமே தப்பில்லை.

அந்த 8,800 என்பது பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம். தட்டையான வரைபடத்தில் அந்தப் பாதை வடக்கே வில் போல வளைந்து தெரியும், பார்ப்பவர்களுக்கு ஏதோ சுற்றிக்கொண்டு போவது மாதிரி இருக்கும், உண்மையில் சுற்றுவது நாம் அளவுகோல் வைத்துப் போடும் நேர்கோடுதான்.

சரி, நேரத்துக்கு வருவோம். பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. பறக்கும், ஆனால் அது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். பசிபிக் மேலே, விமானங்கள் பறக்கும் அதே 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் சில இடங்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். வழி முழுக்க அப்படி வீசாது. சராசரியாக 80 என்றே வைத்துக்கொள்ளுங்கள்: போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 980, எனவே 9 மணி நேரம். திரும்பும்போது 820தான், கிட்டத்தட்ட 10 மணி 45 நிமிடம். இரண்டோடும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக மேலேறுவது, இறங்குவது என்று அரை மணிக்கு மேல் சேர்த்தால் உங்கள் டிக்கெட் கணக்கு வந்துவிடும்.

இன்னொன்று, பறக்கும் பாதையே தினமும் மாறும். கிழக்கே போகிறவர்கள் காற்றைத் தேடிப் போவார்கள், மேற்கே வருகிறவர்கள் அதற்கு ஒதுங்கி அலாஸ்கா பக்கமாக வருவதும் உண்டு, அதனால் ஒரே வாரத்தில் இரண்டு நாள் ஒரே விமானம் ஒரே கோட்டில் பறக்காது. (வான்வெளி மூடினால் கதையே வேறு. 2022இல் ரஷ்ய வான்வெளி அடைபட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. ஊர்கள் நகரவே இல்லை!)

அப்புறம் அந்த 'காலை 10 மணி'. ஜனவரியில் டோக்கியோ 17 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே மாலை 5 என்றால் லாஸ் ஏஞ்சலஸில் அதே தேதி நள்ளிரவு 12 மணி, அதாவது அந்த நாள் அங்கே அப்போதுதான் பிறக்கிறது. அதிலிருந்து 10 மணி நேரம் கூட்டிப் பாருங்கள். அமெரிக்காவில் கோடைகால நேரம் வந்ததும் வித்தியாசம் 16 ஆகிவிடும், கணக்குப் போடும்போது மறந்துவிடாதீர்கள்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. சனிக்கிழமை நண்பகல் கிளம்பினால் டோக்கியோவில் ஞாயிறு மாலை நாலரைக்குத்தான் இறங்குவீர்கள், அதனால் அங்கே ஹோட்டல் அறையை ஞாயிறு தேதிக்குப் போடுங்கள்.