கொழுப்புத் துடுப்பு இருந்தால் விட்டுவிடுங்கள்: ஸ்டீல்ஹெட் கேள்வி பதில்

அமெரிக்காவின் வாஷிங்டன், ஒரிகன் மாநில ஆறுகளில் ஸ்டீல்ஹெட் மீன் பிடிப்பதற்கான விதிகளைப் பற்றிப் பலர் கேட்டவை இவை.

கேள்வி: ஸ்டீல்ஹெட் சால்மனா, ட்ரௌட்டா?

பதில்: ரெயின்போ ட்ரௌட்தான். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அதே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ. கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். பசிபிக் சால்மன் ஒருமுறை முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் சில, பெரும்பாலும் பெண் மீன்கள், மறுபடி கடலுக்குப் போய் இன்னொரு வருடமும் வரும். முட்டையிட்டு இளைத்துத் திரும்பும் மீனையும் காப்பாற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

கேள்வி: சியாட்டிலுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, தூண்டில் உரிமம் வாங்கிவிட்டேன். எந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அண்ணா?

பதில்: முதுகைப் பாருங்கள் தம்பி. பெரிய துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, சுண்டுவிரல் நுனி அளவில் சதைபோல ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். அதுதான் கொழுப்புத் துடுப்பு. மீன் பண்ணைகளில் பொரித்த குஞ்சுகளுக்கு அதை நறுக்கித்தான் ஆற்றில் விடுகிறார்கள். அந்த இடத்தில் ஆறிய தழும்பு இருந்தால் பண்ணை மீன்; அந்த ஆற்றில் அனுமதி இருந்தால் வைத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுசாக இருந்தால் ஆற்றில் பிறந்த மீன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் வாஷிங்டனில் பொதுத் தூண்டில்காரர்கள் அதை வைத்துக்கொள்ளவே கூடாது. தண்ணீரை விட்டு முழுதாகத் தூக்கவும் கூடாது, ஃபோட்டோவுக்குக்கூட. ஒரு கை வாலடியில், மறு கை வயிற்றுக்கடியில், தலை நீரோட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். அதுவாக உதறிக்கொண்டு போகும்வரை பொறுங்கள்.

ஒரிகனின் தென்கரையோர ஆறுகள் சிலவற்றில் விதி வேறு. பருவத்துக்கு நடுவிலேயே அவசர உத்தரவு போட்டு ஆற்றை மூடுவதும் உண்டு. அதனால் கிளம்பும் அன்று காலையில் விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்டால் மீன் பிழைத்துவிடுமா?

பதில்: எல்லாம் பிழைக்காது. வாஷிங்டனில், விட்ட மீன்களில் பத்துக்கு ஒன்று சாகும் என்று வைத்தே கணக்குப் போடுகிறார்கள். ஸ்காகிட் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2018-இல் பிடித்துத் திரும்ப விடுவதற்கு மட்டும் திறந்தார்கள். ஒரு வருடத்தில் 4,000-க்கும் குறைவாக மீன் வரும் என்று மதிப்பிட்டால், எல்லா வகைப் பிடிப்பாலும் 4 சதவீதத்துக்கு மேல் சாகக் கூடாது. 8,000-ஐத் தாண்டினால் 25 சதவீதம் வரை போகலாம். நாம் விட்டும் செத்த மீன், பழங்குடியினர் வலையில் பட்ட மீன் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. மீன் குறைவாக வரும் வருடத்தில் நம் பங்கும் தானாகச் சுருங்கிவிடுகிறது.

தூண்டிலில் இரை கோக்கத் தடை போடுவதும் இதற்காகவே. புழுவையோ மீன்முட்டையையோ மீன் ஆழமாக விழுங்கிவிடும். தூண்டில் முள் செவுளில் மாட்டி ரத்தம் கொட்டினால் பிழைப்பது கஷ்டம். எதிர்முள் இல்லாத ஒற்றை முள் என்றால் சட்டென்று கழன்று வரும்.

கேள்வி: பண்ணையில் லட்சக்கணக்கில் குஞ்சு பொரித்து விட்டால் பிரச்சினை தீராதா?

பதில்: தீராது. ஒரிகனின் ஹூட் ஆற்று மீன்களின் மரபணுவை வைத்து எது யாருடைய குஞ்சு என்று பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பண்ணையில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் குஞ்சு ஈன்று பிழைக்கவைக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது. தொட்டியில் தீனி தின்று வளர ஏற்ற குணம் வெள்ளத்தில் உதவுவதில்லை. அப்புறம் அவை ஆற்று மீனோடு கலந்தால் அந்தப் பலவீனமும் கலக்கிறது. பண்ணை மீன் சாப்பாட்டுக்கு ஆகும், ஆற்று மீனுக்கு மாற்று ஆகாது.

கேள்வி: பழங்குடியினர் வலை போடுவதை நிறுத்தினால் போதாதா?

பதில்: அது அவர்கள் உரிமை. 1850-களில் அமெரிக்க அரசோடு போட்ட ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோது, மீன் பிடிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுக்கு என்று 1974-இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். முட்டையிடத் தேவையானதை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில்தான் பாதி. திட்டத்தையும் மாநிலமும் அவர்களும் சேர்ந்தே போடுகிறார்கள். அணைகளும் காடழிப்பும் ஆற்றை இந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, பழியை மட்டும் அவர்கள்மேல் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: ஜூலையில் ஒரிகன் வருகிறோம். வெயிலில் பிடிக்கலாமா?

பதில்: தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும்; போராடிக் களைத்த மீன் தேறாது. அதனால் வெப்பமான நாட்களில் பல ஆறுகளில் மதியம் 2 மணிக்கு மேல் தூண்டில் போடத் தடை வரும். தடை இல்லாவிட்டாலும் விடியற்காலையில் போங்கள். கையோடு ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால், நூலைச் சுற்றிக்கொண்டு கரையேறிவிடுங்கள்.