மூழ்கிய மோட்டாருக்கு யார் பணம் தருவார்?

மழை விட்டாலும் தூவானம் விடாது என்பார்கள். வெள்ளம் வடிந்து வாரங்கள் ஆனாலும் குடிநீர்த் திட்டங்களின் சேதம் பற்றிய கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. உள்ளாட்சிக் குடிநீர்க் கோப்புகளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் பேரூராட்சியின் ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் இரண்டு மோட்டார்களும் மின்பலகையும் மூழ்கிவிட்டன. பேரிடர் நிதியில் புதிதாக வாங்கிக்கொள்ளலாமா? (வார்டு உறுப்பினர்)

நீங்கள் தட்ட வேண்டிய முதல் கதவு மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 48இன் கீழ் வருவது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய அரசு 75 விழுக்காடும் மாநிலம் 25 விழுக்காடும் போடுகின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10.

இந்த நிதி சேதமான எல்லாவற்றுக்கும் தராது. "உடனடித் தன்மையுள்ள பழுதுபார்ப்பு" என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குடிநீரைப் பொறுத்தவரை கைப்பம்பு மேடைகள், பொதுக்குழாய்கள், உடைந்த குழாய்த் துண்டுகளை மாற்றுவது, தொட்டியைச் சுத்தம் செய்து கசிவை அடைப்பது, பழுதான நீரேற்று இயந்திரங்கள், ஒழுகும் மேல்நிலைத் தொட்டிகள், ஆற்றில் நீர் எடுக்கும் கட்டுமானங்கள் ஆகியவை அதில் வருகின்றன. குழாய்க்கு மட்டும் "புதிய குழாய்" என்றே சொல்லியிருக்கிறார்கள். இயந்திரத்துக்குச் சொல்லியிருப்பது பழுதுபார்ப்பு. மோட்டாரைப் பிரித்து ரீவைண்டிங் செய்யும் செலவைத் தைரியமாகக் கேட்கலாம். 20 குதிரைத்திறன் மோட்டார் இருந்த இடத்தில் 40 கேட்டால் கோப்பு அன்றைக்கே திரும்பிவிடும்.

நிதியைவிட முக்கியமான ஒன்று உண்டு. சேற்றைக் கழுவுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். ஒரு பேரூரில் நடந்ததைச் சொல்கிறேன். பணியாளர்கள் கடமையுணர்ச்சி மிக்கவர்கள். இரண்டே நாளில் பம்பு அறையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவி, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டார்கள். சேதத்தைப் பார்க்க வந்த குழு பளபளவென்று இருந்த அறையைப் பார்த்து, "இங்கே எங்கே தண்ணீர் வந்தது?" என்று கேட்டது. மதிப்பீடு பாதியாகக் குறைந்தது. சுவரில் படிந்த சேற்றுக்கோடுதான் உங்கள் முதல் சாட்சி. அதன் பக்கத்தில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, மின்பலகையும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அதன் பிறகு கழுவுங்கள்.

அடுத்த வெள்ளத்திலும் மூழ்காதபடி மேடையை உயர்த்திக் கட்ட நினைக்கிறோம். அதையும் இதே மதிப்பீட்டில் சேர்த்துவிடலாமா? (இளநிலைப் பொறியாளர்)

சேர்க்காதீர்கள். எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் கோட்டை விடும் இடமும் இதுதான்.

பேரிடர் பணம் ஒரே உண்டியல் என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசின் வரிப்பணத்தை மாநிலங்களுக்கு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் 15ஆவது, 2021-26 காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாய் கணக்கிட்டபோது, அதை அறை அறையாகத் தடுத்தே கொடுத்தது. நூறு ரூபாயில் 40 மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 மீள்கட்டுமானத்துக்கும், 10 முன்னேற்பாட்டுக்கும் திறன் வளர்ப்புக்கும். இந்த 80 ரூபாய்தான் நிவாரண நிதி. மிச்சம் 20 ரூபாய் தணிப்பு நிதி, அதாவது அடுத்த அடியைத் தடுப்பதற்கான பணம். மேடையை உயர்த்துவது அந்த 20 ரூபாயைச் சேர்ந்த வேலை. அதை நிவாரண மதிப்பீட்டில் நுழைத்தால், உயர்த்தும் வேலை வெட்டுப்படுவதோடு நிற்காது. நியாயமான பழுதுபார்ப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நிதிக்குழு மாறினால் இந்த விகிதங்களும் மாறும் என்பதால், நடப்பு ஆண்டு அரசாணையின் நகல் ஒன்று மேசையில் இருக்கட்டும்.

ஆகவே இரண்டு மதிப்பீடுகள் போடுங்கள். முதலாவது, இருந்தபடி மீட்பது; அது இந்த வாரமே மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போக வேண்டும். இரண்டாவது, உயர்த்துவது. அதற்கு அவசரம் கிடையாது, கணக்கு வேண்டும். எந்த மட்டத்துக்கு உயர்த்துகிறீர்கள், ஏன் அந்த மட்டம், உயர்த்தாவிட்டால் எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், அந்த நாள்களில் லாரித் தண்ணீருக்கு என்ன செலவாகும். கடைசி வரியில் வரும் தொகைதான் வாதாடும்.

மட்டத்தைப் பழைய கல்வெட்டுக் குறியை நம்பி முடிவு செய்யாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணியை நம்பியிருந்த குடிநீர்த் திட்டங்கள் பல அந்த வெள்ளத்தில் முடங்கின. முப்பது ஆண்டுகளுக்கு முன் குறித்து வைத்த "அதிகபட்ச வெள்ள மட்டம்" இதற்குப் பிறகு வெறும் வரலாற்றுத் தகவல்.

இன்னொன்று. எல்லாவற்றையும் உயர்த்தப் பணம் வராவிட்டால் மின்பலகையை மட்டுமாவது மாடிக்குக் கொண்டுபோங்கள். கிணற்றுக்குள் இருக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கு வெள்ளம் புதிதல்ல, அது பிறந்ததே தண்ணீருக்குள் இருக்கத்தான். பலகை அப்படியல்ல. செலவில் சிறியது, பயனில் பெரியது. இதற்குத் தணிப்பு நிதிக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

சென்னை வெள்ளத்தணிப்புக்கு 500 கோடி வந்ததாகப் படித்தேன். எங்கள் நகராட்சிக்கும் கேட்கலாமா?

அது 15ஆவது நிதிக்குழு ஏழு பெருநகரங்களுக்கு மட்டும் பரிந்துரைத்த 2,500 கோடியின் ஒரு பகுதி. சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்குத் தலா 500. பெங்களூரு, ஐதராபாத், அகமதாபாத், புணேவுக்குத் தலா 250. உங்களுக்கு அந்த வழி இல்லை. நகரக் குடிநீருக்கான மத்திய அரசுத் திட்டமான அம்ரூத் 2.0 பக்கம் பாருங்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

நிதிக்குழு மானியத்தில் குடிநீர்க் குழாயைச் சரிசெய்யலாமா? தணிக்கையில் மாட்டிக்கொள்வேனா? (ஊராட்சித் தலைவர்)

தாராளமாகச் செய்யலாம். 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு நிபந்தனைக்குட்பட்டது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, மறுபாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 விழுக்காடு ஊரின் தேவைக்கு ஏற்ப, சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் கூடாது. ஆகவே உடைந்த குழாய்க்கு இரண்டு பைகளிலும் கை வைக்கலாம்.

மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். மழை நின்ற மறுநாள் மானியப் பணத்தில் குழாயைச் சரிசெய்துவிட்டு, பேரிடர் நிதி வந்ததும் அதே குழாயை அதிலும் காட்டுவார்கள். எண்ணம் பெரும்பாலும் கெட்டதாக இருக்காது, செலவான பணத்தை ஈடுகட்டிக்கொள்வோம் என்பதுதான். தணிக்கையாளர் எண்ணத்தைப் பார்க்கமாட்டார், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தைப் பார்ப்பார். ஒரே நீளம், ஒரே விட்டம், இரண்டு செலவுப் பட்டியல்! எந்த வேலை எந்த நிதி என்று முதல் நாளே ஊராட்சித் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் சுத்திகரிப்பு இயந்திரமும் போய்விட்டன. அரசு உதவி உண்டா? (நலச்சங்கச் செயலாளர்)

இல்லை. அவை தனியார் சொத்து, காப்பீடுதான் வழி. ஆனால் தண்ணீர் இல்லாத நாள்களில் லாரி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவசரக் குடிநீர் வழங்கல் நிவாரண நிதியின் பட்டியலில் தனியாகவே இருக்கிறது. கிராமம், நகரம் இரண்டுக்கும் பொருந்தும்.

ஒப்பந்தப்புள்ளி கோரி முடிப்பதற்குள் ஊர் தாகத்தில் தவிக்கிறது. நேரடியாக வாங்க முடியாதா?

முடியும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, பிரிவு 16 இயற்கைப் பேரிடர் காலத்துக்கு விலக்கு தருகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 50இலும் அவசரக் கொள்முதலுக்கு இடம் இருக்கிறது. ஆனால் "மழை பெய்தது" என்று நீங்களே முடிவு செய்துகொள்ள முடியாது. அதற்கான அறிவிப்பும் அதிகாரம் பெற்றவரின் உத்தரவும் கோப்பில் இருக்க வேண்டும். விலக்கு இருந்தாலும் மூன்று கடைகளில் விலை கேட்டு எழுதி வாங்கிவிடுவது என் வழக்கம். அரை நாள் வேலைதான், பிற்பாடு பல ஆண்டு நிம்மதி.

மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. எங்கள் ஊருக்கான பணம் எங்கே?

மத்தியக் குழுவின் வருகை தேசியப் பேரிடர் நிவாரண நிதிக்கானது. பேரிடர் கடுமையானது, மாநில நிதியில் பணம் போதாது என்று மாநில அரசு மனு கொடுக்கும், குழு வரும், அறிக்கை உயர்மட்டக் குழுவுக்குப் போகும், அங்கே தொகை முடிவாகும். மாநில நிதியில் மீதமுள்ள இருப்பின் பாதியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். அப்படி வருவதும் மாநிலத்துக்குத்தான் வரும், உங்கள் ஊரின் பெயர் அதில் இருக்காது. எனவே டெல்லியை எதிர்பார்த்து மாவட்டத்தில் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

கடன் வாங்கிக் குடிநீர்த் திட்டத்தைப் பலப்படுத்துவது சரியா? (நகராட்சிக் கணக்கர்)

எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழுதுபார்க்கக் கடன் வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம். கடன் தீரும் வரையாவது உழைக்கும் சொத்தாக இருந்தால் யோசிக்கலாம்.

முதலில் மானியத்தைக் கறந்துவிடுங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ரூத் 2.0இல் ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்குத் திட்டச் செலவில் பாதி, ஒன்று முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் கால் பங்கு என்று மத்திய அரசின் பங்கு வைத்தார்கள். மிச்சம் மாநிலமும் நகராட்சியும். அந்த நகராட்சிப் பங்குக்குத்தான் பெரும்பாலும் கடன் தேவைப்படும். 1996இல் அமைந்த தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் இருக்கிறது. 2023-24 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் இரண்டாம், மூன்றாம் நிலை நகரங்களுக்காக அறிவித்த நகர்ப்புற உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதியும் இருக்கிறது. ஊரகத் திட்டங்களுக்கு நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு நிதி 1995 முதலே உண்டு; அது மாநில அரசு வழியாக வரும்.

சிறிய ஊருக்கு யார் கடன் தருவார்கள் என்று தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2002இல் ஒரு டஜனுக்கு மேற்பட்ட சிறு உள்ளாட்சிகளை ஒன்றாகக் கட்டி, குடிநீர், துப்புரவுக் கூட்டு நிதியம் வழியாகச் சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். தனித்தனியாகச் சந்தைக்குப் போயிருந்தால் அந்த ஊர்களை ஏறிட்டும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கடன் தருபவர் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தைத் தாண்டியதும் தேடுவது குடிநீர்க் கட்டண வசூலைத்தான். நிலுவைப் பட்டியல் நீளமாக இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள்.

மழைக்கு முன்பே என்ன செய்து வைக்கலாம்?

ஒரு கோப்பு போதும். எந்த மோட்டார், எந்த ஆண்டு, என்ன விலை என்ற சொத்துப் பதிவேட்டின் நகல், குழாய் வழித்தட வரைபடம், தொட்டிகளின் கொள்ளளவு, காப்பீடு இருந்தால் அதன் பத்திரம். வெளியூரில் ஒருவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும், ஏனென்றால் அலுவலகமும் மூழ்கும். பம்பு அறைச் சுவரில் தரையிலிருந்து அரை மீட்டருக்கு ஒன்றாகச் சிவப்புப் பெயின்ட்டில் கோடு போடுங்கள். தண்ணீர் எவ்வளவு வந்தது என்று பிறகு வாதாட வேண்டியிருக்காது. ஒவ்வொரு மோட்டாரின் பெயர்த்தகட்டையும் எழுத்து தெரியும்படி கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். சேறு ஏறித் துருப்பிடித்த பிறகு அந்தத் தகட்டை யாராலும் படிக்க முடியாது.