20-ஆம் நாள் எச்ஐவி டெஸ்ட் நெகட்டிவ், நம்பலாமா?

திருப்பூரில் இருந்து கேட்ட நண்பருக்கு: தொற்று வந்திருக்குமோ என்று பயப்படும் சம்பவம் நடந்து 20-ஆம் நாளில், விரலில் குத்திப் பார்த்த ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் அதோடு விட்டுவிடாதீங்க. அந்தக் கிட் தேடுவது வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை, அது டெஸ்டில் தெரியும் அளவுக்கு வர 23 முதல் 90 நாள் வரை ஆகும். ஆன்டிஜெனையும் (வைரஸின் ஒரு புரதம்) சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை டெஸ்டை, நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்தால் 18 முதல் 45 நாளில் காட்டிவிடும். வைரஸையே தேடும் நாட் டெஸ்ட் இன்னும் சீக்கிரம், 10 முதல் 33 நாள், ஆனால் செலவு அதிகம்.

என்னைக் கேட்டால் 45 நாள் முடிந்ததும் நான்காம் தலைமுறை டெஸ்ட் எடுங்க. அரசு ஆஸ்பத்திரியில் எச்ஐவி டெஸ்டும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள், ரகசியம் காப்பது சட்டப்படி அவர்கள் கடமை. அங்கே ரேபிட் என்றால் 90 நாள் கழித்துப் போங்க. ஒரே டெஸ்ட் பாசிட்டிவ் காட்டினாலும் அது முடிவல்ல, வேறு வேறு கிட்டில் மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். சந்தேகம் இருந்தால் தேசிய எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097-க்கு போன் பண்ணுங்க.