5–0 என்பதை மட்டும் பார்க்காதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு வயது 17. 60 கிலோ பிரிவு. பதினான்கு சண்டை போட்டு ஒன்றில்கூடத் தோற்றதில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஓர் இறுதிப்போட்டியில் இடதுகைக்காரப் பையன் ஒருவனிடம் 5–0 என்று தோற்றுவிட்டான். முதல் ரவுண்டை மூன்று நீதிபதிகள் இவனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டாவதில் நேராக ஓர் இடது குத்து வாங்கினான், ரெஃப்ரி எட்டு வரை எண்ணினார். மூன்றாவதில் விடாமல் முன்னேறிப் போனான், ஆனால் ஒரு குத்தும் சரியாகப் படவில்லை. எடைக்காகக் கடைசி இரண்டு நாளில் 3 கிலோ குறைத்திருந்தான். அன்றிலிருந்து கிளவுஸைத் தொடவில்லை. சரியாகத் தூங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். கோச்சோ அடுத்த மாதமே அதே பையனோடு மறுபடி மோத விடலாம் என்கிறார். இவனிடம் நிஜமாகவே திறமை இருக்கிறதா, இல்லை அந்தப் பதினான்கும் சும்மா கிடைத்ததா?
– பெயர் வெளியிட விரும்பாத ஓர் அக்கா

பதில்: திறமையைப் பிறகு பார்க்கலாம். முதலில் தலையைப் பார்க்க வேண்டும்.

தூக்கம் கெடுவது, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது எல்லாம் தோற்ற துக்கமாகவும் இருக்கலாம், தலையில் அடிபட்டதால் வரும் மூளை அதிர்ச்சியின் அறிகுறியாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எட்டு எண்ணும் அளவுக்கு (பலமான அடி வாங்கியவன் நிதானத்துக்கு வந்துவிட்டானா என்று பார்க்க ரெஃப்ரி எண்ணுவது) அடி வாங்கியவனை மூன்று வாரமாக ஒரு டாக்டரும் பார்க்கவில்லை என்றால் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். தலைவலி, வெளிச்சம் கூசுவது, தலைசுற்றல், படித்தது மனதில் நிற்காதது இவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, நாக்குக் குழறுவது, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு என்றால் நாளை வரை காத்திருக்கக் கூடாது, அப்போதே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். “ஹெட்கார்டு போட்டிருந்தானே” என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது.

தலையடிக்காக ரெஃப்ரி சண்டையை நிறுத்தியிருந்தால் குறைந்தது 30 நாள் சண்டையும் ஸ்பாரிங்கும் (ஜிம்மில் போடும் பயிற்சிச் சண்டை) கூடாது என்பது அமெச்சூர் குத்துச்சண்டையில் நெடுநாளாக உள்ள மருத்துவ விதி. உங்கள் தம்பியின் சண்டை நிறுத்தப்படவில்லை. ஆனாலும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. டாக்டர் சரி என்றதும் நடை, சைக்கிள், பிறகு ஸ்கிப்பிங், நிழல் குத்து (காற்றில் குத்திப் பழகுவது), பேக் (தொங்கும் மூட்டையைக் குத்துவது), பேட் (கோச் கையில் பிடிக்கும் மெத்தையைக் குத்துவது) என்று ஒவ்வொரு படியாக ஏறட்டும். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும். தலைவலி திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டும். ஸ்பாரிங் கடைசிப் படி. அதற்கு டாக்டர் தனியாக ஒருமுறை அனுமதி தர வேண்டும்.

இனி சண்டைக்கு வருவோம். 5–0 என்றதும் துவம்சமாகிவிட்டான் என்று தோன்றும். ஐந்து நீதிபதிகளும் அந்தப் பையன் பக்கம் நின்றார்கள் என்பது மட்டுமே அதற்கு அர்த்தம், எவ்வளவு வித்தியாசம் என்று அந்த எண் சொல்லாது. முதல் ரவுண்டை மூன்று பேர் இவனுக்குக் கொடுத்திருந்தால், அடுத்த இரண்டும் அந்தப் பையனுக்கு 10–9 (ரவுண்டை வென்றவனுக்கு 10, மற்றவனுக்கு 9) என்று போயிருந்தால், அந்த மூன்று அட்டைகளிலும் கணக்கு 29–28. இரண்டாவது ரவுண்டை மட்டும் பிடித்திருந்தால் மூன்றுக்கு இரண்டு என்று கோப்பை இவன் கையில். ஆகவே எண்ணை விட்டுவிட்டு இரண்டாவது ரவுண்டைப் பாருங்கள்.

வீடியோ இருக்கும். அதை மூன்று முறை பார்க்க வேண்டும், தம்பியும் கூட உட்கார வேண்டும். முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். இடதுகைக்காரன் வலது காலை முன்னே வைத்து நிற்பான், வலதுகைக்காரன் இடது காலை; அதனால் இருவரும் மோதும்போது முன்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி நிற்கும். யாருடைய முன்கால் மற்றவன் காலுக்கு வெளியே விழுகிறதோ அவனுடைய பின்கைக்கு நேர்வழி திறந்துகிடக்கும். வலதுகைக்காரர்களோடு மட்டுமே மோதிப் பழகிய பையன், அவர்களுடைய வலது கையிலிருந்து விலகுவதற்காகத் தன் வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து அதை வழக்கமாக்கியிருப்பான். அதே நகர்வு இடதுகைக்காரனிடம் அவனுடைய இடது குத்துக்குள் தானாகப் போய் நிற்பதாகிவிடும். எட்டு எண்ணவைத்த குத்துக்கு முந்தைய இரண்டு வினாடியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் கிடக்கும். அப்படியே அந்தப் பதினான்கு பேரில் எத்தனை பேர் இடதுகைக்காரர்கள் என்றும் எண்ணிவிடுங்கள்.

இரண்டாவது முறை ஜாபை, அதாவது முன்கையால் நேராக நீட்டும் குத்தை, எண்ணுங்கள். மூன்று ரவுண்டின் ஒன்பது நிமிடத்துக்கு ஒன்பது கோடு போட்ட தாள் போதும். நிமிடத்துக்கு நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் மூச்சும் எடையும்தான் பிரச்சினை. எட்டு எண்ணியதோடு சட்டென்று விழுந்தால் பயமோ குழப்பமோ. எண்ணிக்கை குறையவே இல்லை, ஆனால் எதுவும் படவில்லை என்றால் தூரமும் கோணமும் தப்பு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் “இன்னும் ஓடு, இன்னும் பேக் அடி” என்று சொல்லும் கோச் நோயைப் பார்க்காமலே மாத்திரை கொடுக்கிறார்.

மூன்றாவது முறை, அடி பட்ட பிறகு வரும் ஐந்து வினாடி. உடனே கண்மூடித்தனமாகத் திருப்பி வீசுகிறானா, நேர்கோட்டில் பின்வாங்கிக் கயிற்றில் போய் முட்டுகிறானா, கார்டை (முகத்தைக் காக்கும் கைகளை) தூக்கிப் பக்கவாட்டில் விலகுகிறானா? எல்லாவற்றையும்விட இந்த ஐந்து வினாடிதான் பதினான்கு வெற்றியில் யாருக்கும் தெரியாமல் இருந்த விஷயம். இதைப் பழக்கிவிட முடியும். பேட் பிடிக்கும்போது கோச் எதிர்பாராமல் பேடால் கார்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டியதும் கை மேலே, அரை அடி இடப்பக்கம், ஒரு ஜாப், வெளியே. ரவுண்டுக்குப் பத்துத் தடவை இதைச் செய்தால் நாலைந்து வாரத்தில் உடம்பு தானே செய்யும்.

இப்படித் தோற்றுத் திரும்பியவர்களுக்கு ஓர் உதாரணம். 1936 ஜூன் 19 அன்று, தொழில்முறைச் சண்டையில் அதுவரை தோற்றே அறியாத அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் ஜோ லூயிஸை ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங் 12-ஆவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். ஜாப் போட்ட பிறகு லூயிஸின் இடது கை கன்னத்துக்குத் திரும்பாமல் தாழ்ந்து வருவதை ஷ்மெலிங் முன்பே கவனித்து வைத்திருந்தார். அந்தச் சந்தில்தான் வலது கையை இறக்கிக்கொண்டே இருந்தார். ஜெயித்த சண்டைகளிலும் அந்தக் கை தாழ்ந்துதான் வந்தது, எதிரே நின்றவர்களுக்கு அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டே மாதத்தில் லூயிஸ் ரிங்குக்குத் திரும்பினார். ஆனால் ஷ்மெலிங்கோடு மோதவில்லை, ஜாக் ஷார்க்கியோடு மோதி ஜெயித்தார். ஷ்மெலிங்கோடு மறுபடி மோதியது 1938 ஜூன் 22 அன்று. முதல் ரவுண்டிலேயே, 124 வினாடியில் லூயிஸ் ஜெயித்துவிட்டார்.

அதனால் அடுத்த மாதமே மறுபோட்டி என்பது அவசரம். அந்தப் பையன் அதே இடத்தில் நிற்பான், உங்கள் தம்பியும் அதே வலப்பக்கம் நகர்வான். டாக்டர் ஸ்பாரிங்குக்கு அனுமதித்த பிறகு ஆறு வாரம், வாரம் இரண்டு நாள், இடதுகைக்காரனோடு மெதுவான ஸ்பாரிங் வேண்டும். ஜிம்மில் ஆள் இல்லையென்றால் வேறு ஜிம்மில் தேடிப் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் குத்தே கணக்கில்லை, முன்கால் வெளியே விழுகிறதா என்பது மட்டும்தான் கணக்கு. பிறகு நேர் வலது. அதன்பின் தன் தரத்துக்கு ஒத்த ஆட்களோடு ஓரிரு சண்டை. மறுபோட்டி எல்லாம் அப்புறம்.

எடை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. 63 கிலோ பையன் இரண்டு நாளில் 3 கிலோ இறக்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடல் எடையில் 2 சதவீதம் தண்ணீர் போனாலே தாக்குப்பிடிக்கும் சக்தி குறையத் தொடங்கும், இது ஏறக்குறைய 5 சதவீதம். எடை பார்த்த அன்றே சண்டை என்னும்போது சில மணி நேரத்தில் குடித்து அதை ஈடுகட்ட முடியாது. முதல் ரவுண்டு நன்றாக ஆடி இரண்டாவதில் கால் கனத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இனி தினமும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும் எடை பார்த்து நான்கு வாரம் எழுதி வையுங்கள். சராசரி 62-க்கு மேலேயே நின்றால் அவன் அடுத்த எடைப்பிரிவுக்காரன். வளரும் வயது வேறு.

திறமை இருக்கிறதா என்று கேட்டீர்கள். எட்டு எண்ணிய பிறகும் மூன்றாவது ரவுண்டில் முன்னேறிப் போனான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எல்லோருக்கும் வராது, சொல்லிக்கொடுத்தும் வராது. கால் வைக்கும் இடத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். பதினான்கு வெற்றியும் சும்மா கிடைத்ததல்ல, ஆனால் அவை ஒரே வகை எதிரிகளோடு கிடைத்தவையாக இருக்கலாம்.

வீட்டில் அவனிடம் சண்டைப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். “நீதிபதி ஏமாற்றிவிட்டார்” என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது, அதைப் பிடித்துக்கொண்டால் வீடியோவைப் பார்க்கவே மாட்டான். கோச்சைப் பார்க்கப் போகும்போது டாக்டரின் சீட்டு, ஜாப் எண்ணிய தாள், காலை எடைக் குறிப்பு மூன்றையும் எடுத்துப் போங்கள். மறுபோட்டித் தேதியை அவற்றை வைத்துக்கொண்டு பேசட்டும்.