பயாஸ் அப்டேட்: எப்போது போடலாம், எப்போது கை வைக்க வேண்டாம்?

மதர்போர்டு சர்வீஸ்தான் என் தொழில். பயாஸ் என்பது சிஸ்டம் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் ஓடும், போர்டின் சிப்பிலேயே இருக்கும் நிரல். பயாஸ் அப்டேட் பற்றி வந்த கேள்விகளில், என் மேஜைக்கும் அடிக்கடி வந்து சேரும் பிரச்சினைகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். படிக்கும் முன் உங்கள் போர்டின் பெயரையும் பயாஸ் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

கேள்வி: அண்ணா, என் போர்டுக்கு ரெண்டு மாதத்துக்கு ஒரு புது பயாஸ் வந்துகொண்டே இருக்கிறது. சிஸ்டம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஒவ்வொன்றையும் போட வேண்டுமா?

வேண்டாம் தம்பி. பதிப்பு எண் ஏறியிருப்பது மட்டுமே ஒரு காரணம் ஆகாது. போனில் ஒரு ஆப் அப்டேட் பாதியில் நின்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். பயாஸ் பாதியில் நின்றால், மறுபடி போடுவதற்கே சிஸ்டம் எழுந்திருக்காது.

டவுன்லோட் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே ஒரு குறிப்பு இருக்கும். அதைப் படியுங்கள். நீங்கள் வாங்கியிருக்கும் அல்லது வாங்கப்போகும் ப்ராசஸரின் பெயர் அதில் இருக்கிறதா? உங்களுக்கு இருக்கும் தொல்லையைச் சொல்கிறதா? பாதுகாப்பு ஓட்டை எதையாவது அடைக்கிறதா? இருந்தால் போடுங்கள். 'சிஸ்டம் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்று ஒற்றை வரியோடு முடிந்தால் விட்டுவிடலாம். பீட்டா (சோதனைப் பதிப்பு) என்று போட்டிருந்தால், அந்தப் பதிப்பு தீர்க்கும் பிரச்சினை உங்களுக்கு இருந்தாலொழியத் தொட வேண்டாம்.

பாதுகாப்பு ஓட்டையை லேசாக நினைக்காதீர்கள். 2023 டிசம்பரில் லோகோஃபெயில் என்று ஒன்று வெளியே வந்தது. சிஸ்டம் ஆன் ஆகும்போது திரையில் ஒரு கம்பெனி லோகோ வருமே, அந்தப் படத்தைப் படிக்கும் நிரலிலேயே ஓட்டை. விண்டோஸ் எழுவதற்கு முன்பே உள்ளே நுழைய வழி என்பதால் ஆன்டிவைரஸை நம்பி இருக்க முடியாது. இந்த மாதிரி ஓட்டையை அடைக்க பயாஸ் அப்டேட்தான் வழி.

கேள்வி: ஐ7 13700கே வைத்திருக்கிறேன். கேம் திறக்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொள்கிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

கார்டுக்குச் செலவு செய்வதற்கு முன் கேட்டிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் இது பெயர் பெற்ற அறிகுறி. பிழைச்செய்தி வீடியோ மெமரியைக் காட்டும். கோளாறு ப்ராசஸரில் இருக்கும். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, அந்தச் சிப்புகள் நாளாக ஆக உள்ளுக்குள் தேய்கின்றன. இதற்கு இன்டெல் 2024 ஆகஸ்ட்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்கள் கொடுத்தது. செப்டம்பரில் வந்ததன் பெயர் 0எக்ஸ்12பி. அதுவோ அதற்குப் பிந்தையதோ அடங்கிய பயாஸை இன்றே போடுங்கள்.

ஆனால் ஒன்று. இந்த அப்டேட் இனி தேயாமல் காக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. போட்ட பிறகும் அதே பிழை வந்தால் ப்ராசஸரை வாரண்டிக்கு அனுப்புங்கள். இந்தச் சிக்கலுக்காகவே இன்டெல் வாரண்டியை ரெண்டு வருடம் நீட்டித்தது, பாக்ஸில் வாங்கியதற்கு மொத்தம் 5 வருடம். பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

இதே தலைமுறை சிப் வைத்து இன்னும் பிரச்சினை வராதவர்களும் தள்ளிப்போட வேண்டாம். 'நன்றாக ஓடுகிறது, எதற்குத் தொட வேண்டும்' என்ற பேச்சு இந்த ஒரு விஷயத்தில் செல்லாது.

கேள்வி: பி450 போர்டில் ரைசன் 2600 ஓடிக்கொண்டிருந்தது. 5600 வாங்கி மாட்டினேன், டிஸ்ப்ளே வரவில்லை. ப்ராசஸர் போய்விட்டதா சார்?

போகவில்லை, பயப்படாதீர்கள். உங்கள் பயாஸ் அந்தச் சிப் வெளிவருவதற்கு முன் எழுதப்பட்டதாக இருக்கும். பழைய 2600-ஐத் திரும்ப மாட்டுங்கள், பயாஸைப் போடுங்கள், அப்புறம் 5600-க்கு மாறுங்கள். போர்டின் ப்ராசஸர் பட்டியலில் ஒவ்வொரு சிப்புக்கும் நேராக 'இந்தப் பதிப்பிலிருந்து' என்று போட்டிருக்கும். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அதுதான். சில போர்டுகளில் கடைசிப் பதிப்புக்கு நேரே தாவ முடியாது, நடுவில் ஒன்றைப் போடச் சொல்லியிருப்பார்கள்.

5600-ஐ மாட்டியதும் எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) பற்றி ஒய்-யா என்-னா என்று ஒரு கறுப்புத் திரை கேட்கலாம். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டிருந்தால், அதைத் திறக்கும் ரெகவரி கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எப்படித் துணிந்து போடுவது?

யூபிஎஸ் இல்லாமல் போடாதீர்கள். யூபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது, அதன் பேட்டரி தாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் போர்டில் அப்டேட் 60 சதவீதம் தாண்டியபோது கரண்ட் போனது. யூபிஎஸ் ஒரு முறை கத்திவிட்டு அதுவும் அணைந்தது. மூன்று வருடப் பேட்டரி, நான் சோதித்துப் பார்க்கவில்லை. அந்தப் போர்டில் ஃப்ளாஷ்பேக் பட்டனும் (சிஸ்டம் எழாமலேயே பயாஸ் எழுத உதவுவது) கிடையாது. சிஎச்341ஏ ப்ரோகிராமரை (சிப்பில் எழுதும் சின்னக் கருவி) எடுத்து, எட்டுக் கால் பயாஸ் சிப்பில் கிளிப் மாட்டி நேரடியாக எழுத வேண்டியதாயிற்று. சிப்பின் மூலையில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி இருக்கும், அதுதான் முதல் கால். கிளிப்பின் சிவப்பு வயர் அந்தப் பக்கம் வர வேண்டும். மாறிவிட்டால் சிப் போய்விடும். மூன்று மணி நேரம் கழித்து போர்டு எழுந்தது.

அதனால் போர்டு வாங்கும்போதே பின்பக்கத்தில் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ப்ராசஸர், ரேம் இல்லாமலேயே பவர் சப்ளையும் பென்டிரைவும் மட்டும் வைத்து பயாஸ் எழுதிவிடலாம். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்கட்டும். ஃபைல் பெயரை மேனுவல் சொன்னபடி மாற்றுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: விண்டோஸ் ஃபைலின் பின்னொட்டை (பெயரில் புள்ளிக்குப் பின் வருவதை) மறைத்து வைத்திருக்கும், அது தெரியாமல் நீங்களும் தட்டச்சு செய்தால் பின்னொட்டு ரெண்டு முறை வந்துவிடும், போர்டு கண்டுகொள்ளாது. முதலில் பின்னொட்டு தெரியும்படி வைத்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள்.

கேள்வி: கடையில் பில் போடுகிற 2014 கம்ப்யூட்டர். 'டிரைவர் அப்டேட்டர்' ஒன்று பயாஸ் பழசு என்று சிவப்பில் காட்டுகிறது.

அந்த சாஃப்ட்வேரை நீக்குங்கள். பயாஸ் ஃபைலை போர்டு கம்பெனியின் பக்கத்தைத் தவிர வேறெங்கிருந்தும் எடுக்கக் கூடாது. தினமும் பில் ஓடுகிற சிஸ்டத்தை அப்படியே விடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட்டே பயாஸையும் போட்டுவிட்டது. இப்போது நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது, அண்ணா!

அது பிட்லாக்கர் ரெகவரி கீ. லேப்டாப்பில் நுழையப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கை போனில் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவைக் கேளுங்கள். ஃபார்மட் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்கள் ஃபைல்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. அடுத்த முறை நீங்களாகப் போடும்போது பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: புது ஏஎம்5 (ஏஎம்டி ப்ராசஸருக்கான) போர்டில் பயாஸ் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. அஞ்சு நிமிடம் ஆயிற்று. அணைத்துவிடட்டுமா?

அணைக்காதீர்கள். டிடிஆர்5 ரேமை போர்டு முதலிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறது. ரேம் அளவு அதிகமாக இருந்தால் இன்னும் நேரம் எடுக்கும். போர்டில் டிரேம் என்று எழுதிய சின்ன விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் அந்த வேலைதான் நடக்கிறது. கால் மணி நேரம் பொறுங்கள். அதற்கும் மேல் போனால் ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்து முயலுங்கள். திரை வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை) மறுபடி ஆன் செய்யுங்கள், அப்டேட்டில் அது அணைந்திருக்கும்.